தொலைவு ஒன்று, காலம் வேறு

இலக்கண வகுப்பு முடிந்த ஒரு பிற்பகலில், மாணவர் ஒருவர் தம் வாப்பாவின் விமானப் பயணச்சீட்டுடன் நம்மிடம் வந்தார். சென்னையில் காலை 10.00 மணிக்குப் புறப்பட்டுச் சிங்கப்பூரை மாலை 4.40-க்கு அடைவதாகவும், மீளும்போது அங்கு இரவு 8.00 மணிக்குக் கிளம்பிச் சென்னையில் 9.45-க்கு இறங்குவதாகவும் அதில் குறித்திருந்தது. "போவதற்கு ஆறு மணி நாற்பது நிமிடம், வருவதற்கு ஒன்றே முக்கால் மணி. வழி ஒன்றுதானே, ஐயா?" என்றார். ஒன்றே முக்கால் மணியில் வந்தவருக்கு இத்துணைக் களைப்பு ஏன் என வீட்டிலும் வியந்தனராம். நம்மால் உடனே விடையிறுக்க இயலவில்லை. பின்னர்த் தேடித் தெளிந்ததை ஈண்டு உரைக்கின்றோம்.

முதற்கண் தொலைவு. தட்டையான நிலப்படத்தில் அளவுகோல் வைத்து நெடுந்தொலைவை அளத்தல் பிழையாகும். பூகோள உருண்டையின்மீது ஈரூர்களையும் தொடுமாறு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்நூல் படியும் வழியே மிகக் குறுகியது. அதனைப் பெருவட்ட வழி என்பர். அவ்வழியே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர்.

அடுத்துக் காலம். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் இத்தொலைவைக் கடக்க மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. எனினும் மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறையும். தரையில் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லவும் நேரம் வேண்டும். அனைத்தும் கூட்ட, நான்கு மணிக்குச் சற்று மிகும்.

எஞ்சியது கடிகாரம். சிங்கப்பூரின் மணி நம் மணிக்கு இரண்டரை மணி முந்தியது. சீட்டிலுள்ள நேரங்களோ அவ்வவ்வூர் நேரங்கள். ஆதலின் கிழக்கே செல்லுங்கால் தோன்றும் 6.40-இலிருந்து 2.30-ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது 4 மணி 10 நிமிடம். மீளுங்கால் தோன்றும் 1.45-உடன் 2.30-ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது 4 மணி 15 நிமிடம்.

சிறு வேற்றுமை இன்னும் உளதே எனின், அதற்குக் காற்றும் ஒரு காரணம். இலண்டன், நியூயார்க் நகரங்களிடையே இது தெளிவாய் விளங்கும். சுமார் 5,500 கிலோமீட்டர் வழி அது. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் காற்றோட்டத்தால், நியூயார்க் செல்ல எட்டு மணி அளவும், இலண்டன் மீள ஏழு மணி அளவும் ஆகின்றன. 2020 பிப்ரவரியில் புயற்காற்று உந்தியதால், ஒரு பயணியர் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் இலண்டன் சேர்ந்தது.

காற்றின் இவ்வியல்பு தமிழருக்குப் புதிதன்று. கரிகாலனின் முன்னோர் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியதைப் புறநானூற்றின் 66-ஆம் பாடல் கூறும். தொலைவைக் காலத்தால் அளந்து 'நாழிகை வழி' என்றதும் நம் மொழியே.

மாணவச் செல்வர்களே! அயலூரிலிருந்து வருவோரை வரவேற்கச் செல்லுமுன் இக்கணக்கை வீட்டார்க்கு விளக்குங்கள். கடிகாரம் ஒன்றே முக்கால் என்று காட்டலாம். வந்திறங்குபவரின் உடலோ நாலேகால் மணி நேரத்தை உணர்ந்திருக்கும்.