டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஏழு வயதுப் பையன் வெறும் பால் குடிப்பதில்லை. தினமும் இரண்டு வேளை 'ஹெல்த் டிரிங்க்' பவுடர் கலந்து தருகிறேன். நல்லதுதானே?
வாசகி, கோபர்கைரனே, நவி மும்பை

பதில்: டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கம் பாருங்கள். எடையில் அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் எழுதவேண்டும் என்பது விதி. சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? 100 கிராமுக்கு 32 கிராம் என்று போட்டிருந்தால், 20 கிராம் வீதம் இரண்டு வேளைக்கு மூன்று டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை போகிறது. மேலே நீங்கள் போடுவது தனி.

'ஹெல்த் டிரிங்க்' என்றொரு வகையே 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில், அந்தத் தலைப்பிலிருந்து இத்தகைய பானங்களை நீக்கும்படி இணையக் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது.

பவுடருக்குப் பதிலாக, உங்கள் ஊர் மளிகைக் கடையில் 'நாச்சணி' கேளுங்கள், நம் கேழ்வரகுதான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்து வைத்தால் கஞ்சிக்கு ஆயிற்று. பால் பிடிக்காத பிள்ளைகள் பலரும் தயிரை விரும்பிச் சாப்பிடுவார்கள், கொடுத்துப் பாருங்கள். பவுடரை ஒரே நாளில் நிறுத்தவேண்டாம். வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறையுங்கள்.