கையெழுத்துப் போடக் கை நடுங்குதா?

"டாக்டர், எனக்கு நரம்புத் தளர்ச்சி. நல்ல டானிக்கா எழுதிக் கொடுங்க!"

உட்காருவதற்கு முன்பே சொன்னார், அந்த 28 வயது இளைஞர். ஏற்கெனவே ஆறு மாதம் லேகியம் சாப்பிட்டவர். (இந்த 'நரம்புத் தளர்ச்சி'யை வைத்தே எத்தனை பேர் பிழைக்கிறார்கள்!)

விசாரித்தேன். வீட்டில் தனியாக எழுதினால் முத்து முத்தான கையெழுத்து. பாங்க் கவுன்ட்டரில் நின்றால் மட்டும் கை உதறும். தங்கையின் ரிஜிஸ்டர் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோது, "போன் வருது" என்று வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து தங்கை பேசுவதில்லை.

நரம்பில் கோளாறு என்றால் தனியாக எழுதும்போதும் நடுங்க வேண்டாமா? தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நடுக்கம் வரும். பரிசோதித்தேன், நார்மல். அவருக்கு இருந்தது சமூகப் பதற்றம்.

நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் அட்ரீனலின் சுரந்து கை லேசாக நடுங்குவது யாருக்கும் உண்டு. இவரோ அந்த நடுக்கத்தையே உற்றுக் கவனிக்கிறார். மறைப்பதற்காகப் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறார். இறுக்க இறுக்க நடுக்கம் கூடுகிறது! கடைசியில் பாங்க்குக்குப் போவதையே விட்டுவிட்டார். போகாதவரை நிம்மதிதான். ஆனால், போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறதே?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே கூச்சமான ஒரு டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். 'பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்க' என்று நினைத்தார்கள் போட்டவர்கள். கவனித்தது நாலில் ஒருவர்கூட இல்லை!

இவருக்குக் கொடுத்த பயிற்சி இதுதான். முதலில் அம்மா பக்கத்தில் நிற்க எழுத வேண்டும். அடுத்து போஸ்ட் ஆபீஸ். பிறகு பாங்க். ஒவ்வொரு இடத்திலும் பதற்றம் தணிகிறவரை நகரக் கூடாது. பேனாவைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். ஒருநாள், "வேணும்னே கையை ஆட்டிக்கிட்டு சலான் எழுதுங்க" என்றேன். முறைத்தார். ஆனால் செய்தார். கேஷியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்!

சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். நடுக்கத்துக்கு என்று ப்ரோப்ரனலால் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. 'தைரியத்துக்கு ஒரு பெக்' அதைவிட மோசம். டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் 14416-க்கு போன் செய்யலாம். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

போன மாதம் தங்கைக்கு நேரில் செக் எழுதிக் கொடுத்திருக்கிறார் நம்மவர்.

"கையெழுத்து கொஞ்சம் கோணல்தான் டாக்டர். ஆனா பாஸாயிடுச்சு!"