எல்லார்க்கும் நல்லுணவு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதவை. இவற்றுள் முதலிடம் பெறுவது உணவே. ஆடையின்றிச் சில நாள் வாழலாம். மரத்தடியிலும் சில நாள் தங்கலாம். உணவின்றி நெடுநாள் வாழ இயலாது. எனினும், வயிறு நிறைதல் வேறு. உடல் உரம் பெறுதல் வேறு. பசி தீர்ந்தவுடன் உணவின் பயன் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. இவ்வுண்மையைப் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

புதுக்கோட்டை, முன்னாளில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி நாடாக இருந்தது. 1948 ஆம் ஆண்டில் அது இந்திய நாட்டுடன் இணைந்தது. 1974 ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆயிற்று. கல்லணைக் கால்வாயின் நீர் பாயும் சில பகுதிகள் நீங்கலாக, இம்மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகும். மழைநீரைத் தேக்கிவைக்கும் கண்மாய்களே இங்குள்ள உழவர்க்குத் துணை. நகரை அடுத்துள்ள கவிநாட்டுக் கண்மாய் அவற்றுள் மிகப் பெரியது. கண்மாய் நிறைந்தால் கழனி விளையும். அது வறண்டால் உழவர் மட்டுமன்றி, நிலமில்லாக் கூலியாளரும் துன்புறுவர். வயலில் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. கூலி இல்லையேல் அடுப்பில் உலை இல்லை.

நம் பாட்டன்மார் காலத்தில் இத்தகைய ஊர்களில் வாழ்ந்த ஏழையர், கேழ்வரகுக் கூழும், கம்பஞ்சோறும், வரகுச் சோறும் உண்டனர். நெல்லுச்சோறு அவர்களுக்குத் திருநாள் உணவாகவே இருந்தது. அக்காலம் பொற்காலம் என்று நாம் மயங்குதல் கூடாது. மழை பொய்த்த ஆண்டுகளில் அக்கூழும் கிடைக்காமல் மக்கள் வாடினர். ஆயினும் அவர்கள் உண்ட தானியம் சத்து மிக்கது என்பதை மறுத்தற்கில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அச்சத்து 10 மில்லிகிராம் அளவே உள்ளது.

பசிப்பிணியை ஒழிக்கத் தமிழ்நாடு செய்த முயற்சிகள் பல. 1920 ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி, தன் பள்ளி ஒன்றில் மாணவர்க்கு உணவு வழங்கத் தொடங்கியது. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் சர் பிட்டி. தியாகராயர். 1956 ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் பரப்பினார். 1982 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். பின்னர் முட்டையும் அவ்வுணவில் இடம் பெற்றது. 2022 ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்குக் காலை உணவும் வழங்கப்படலாயிற்று. இவையேயன்றி, நியாயவிலைக் கடைகள் வாயிலாக அரிசி அட்டை உடையோர்க்கு 2011 ஆம் ஆண்டு முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. துவரம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. இவற்றால் பட்டினி என்னும் கொடுமை பெரிதும் அகன்றது. இது போற்றத்தக்க செயலாகும்.

அவ்வாறாயின், குறை இன்னும் உண்டோ என்று நீங்கள் வினவலாம். உண்டு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. இரும்புச் சத்துக் குறைவு அவற்றுள் தலையாயது. சோற்றால் வயிறு நிறைந்திருக்கும். ஆனால் உடல் சோர்ந்திருக்கும். இதனை மறைபசி என்று கூறலாம். வயிற்றுப் பசி கூவி அழைக்கும். மறைபசியோ ஓசையின்றி உடலை அரிக்கும்.

மறைபசி ஏன் ஏழையரையே மிகுதியாகப் பற்றுகின்றது? கூலி வேலை செய்யும் குடும்பம் ஒன்றனை எண்ணிப் பாருங்கள். நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கின்றது. காய்கறியும் பழமும் அங்குக் கிடைப்பதில்லை. அவற்றைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். நாளொன்றுக்கு 400 கிராமேனும் காய்கறியும் பழமும் ஒருவர் உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஐவர் வாழும் வீட்டிற்கு இஃது ஏறத்தாழ 2 கிலோ ஆகும். அன்றாடக் கூலியில் மருந்துச் செலவும், பேருந்துக் கட்டணமும், கடன் தவணையும் போக எஞ்சும் தொகையில் இவ்வளவையும் வாங்க முடியுமா?

விலை மட்டுமே தடையன்று; தொலைவும் ஒரு தடையாகும். பல சிற்றூர்களில் வாரச்சந்தைக்குச் செல்லவே பேருந்து ஏற வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுச் சென்றால் அந்நாள் கூலி போகும். வாங்கி வந்த காய்கள், குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் மூன்று நாளில் வாடிவிடும். ஊரிலுள்ள சிறு கடைக்காரரும் கீரையைக் கொணர அஞ்சுகின்றார். அன்று விற்காத கீரை மறுநாள் குப்பைக்கே உரியது. நெடுநாள் கெடாத நொறுக்குத் தீனிப் பொட்டலங்களோ அவர் கடையில் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஆகவே, ஏழைச் சிறுவன் கையில் பழத்துக்கு மாறாகப் பொட்டலம் இருக்கக் கண்டால், அவனுடைய நாவைப் பழித்தல் நேர்மையன்று. அவனுக்கு எட்டும் இடத்தில் இருந்தது அதுவே.

மற்றொரு தடையும் உண்டு. பல வீடுகளில் தாயே இறுதியாக உண்கின்றாள். கணவரும் பிள்ளைகளும் உண்டபின் சட்டியில் எஞ்சியதே அவள் பங்கு. பள்ளி உணவு பிள்ளைகளைக் காக்கின்றது. தாயைக் காப்பது யார்?

தொலைவை வெல்லுதற்கு இம்மாவட்டப் பெண்களே ஒரு வழி காட்டியுள்ளனர். 1991 ஆம் ஆண்டளவில் இங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. வயலில் உழைத்த பெண்களும், கல் உடைத்த பெண்களும், பல்லாயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தொடக்கத்தில் ஊரார் சிலர் நகைத்தனர். அப்பெண்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. தம் விளைபொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்றனர்; வேண்டும் பொருளையும் வாங்கி வந்தனர். சந்தை அவர்களுக்கு அருகில் வந்துவிட்டது.

அரசும் வழிகள் கண்டுள்ளது. உழவரே நேரில் விற்கும் உழவர் சந்தை, 1999 ஆம் ஆண்டில் மதுரையில் முதன்முதலாகத் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவியது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கும் முயற்சி 2023 ஆம் ஆண்டில் தொடங்கியது. இத்தகைய முயற்சிகள் எல்லாச் சிற்றூர்களையும் எட்டுதல் வேண்டும்.

மாணவர்களே! நீங்கள் செய்யக்கூடியனவும் உண்டு. பாத்திரம் கழுவிய நீர் வீணாகும் இடத்தில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டால், அது தானே தழைக்கும். புதுக்கோட்டைச் செம்மண்ணில் விளையும் நிலக்கடலை, புரதச் சத்து மிகுந்தது. கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்து உண்டால், கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் நன்கு ஏற்கும். உணவுடன் தேநீர் பருகினால் அச்சத்து உடலிற் சேர்வது குறையும். இவற்றை உங்கள் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். இன்றிரவே, உங்கள் தாயையும் உடன் அமர்ந்து உண்ணச் செய்யுங்கள்.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். முருங்கை நட ஒரு முழ நிலமும் இல்லாதோர் நம்மிடையே உள்ளனர். நல்லுணவு உண்ணுங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை கூறுதல் எளிது. அவ்வுணவை அவர்கள் கைக்கு எட்டச் செய்தலே அரிது. அவ்வரிய செயலைச் செய்வதே நல்லரசின் கடமை. நல்ல குடிமக்களின் கடமையும் அதுவே. சோறு மட்டுமன்றி நல்லுணவும் எல்லா வீட்டு அடுப்பிலும் வேகும் நாளே, நாம் பசியை முற்றும் வென்ற நாளாகும்.