குறைந்த மதிப்பெண்ணும் பல் மருத்துவக் கல்வியும்

நம் கிராமங்களில் பயிலும் மாணவர் சிலர், பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததும், பல் மருத்துவம் தமக்கு எட்டாக்கனி என்று விண்ணப்பம் செய்யாமலே ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வாறு முடிவு செய்யுமுன் மூன்று செய்திகளை நாம் ஆராய்தல் நலம்.

முதலாவது, தகுதி. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களில் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் 40 விழுக்காடும் பெற்றிருத்தல் வேண்டும். இவ்வரம்பைக் கடந்தபின் தரவரிசையை அமைப்பது ‘நீட்’ மதிப்பெண்ணே. பள்ளி மதிப்பெண் அன்று.

இரண்டாவது, இடம். தகுதி பெறுதல் வேறு, இடம் பெறுதல் வேறு. 2025ஆம் ஆண்டில் 720க்கு 144 பெற்ற பொதுப் பிரிவினரும் நீட் தகுதி பெற்றனர். ஆயினும் அதைக்கொண்டு அரசுக் கல்லூரியில் இடம் எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே, முந்தைய ஆண்டில் தம் பிரிவில் கடைசி இடம் எம்மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது என்று அறிந்து ஒப்பிட வேண்டும். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் தனித் தரவரிசையும் உள்ளன. அவர்கள் பொதுப் பட்டியலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

மூன்றாவது, பொருள். அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீடு அத்தகையதன்று. நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உள்ள இக்கல்விக்கு, முதல் ஆண்டுச் செலவை மட்டும் எண்ணி நிலத்தை அடகு வைத்தல் ஆகாது.

தகுதி இருப்பின் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். கடன்பட்டுச் சேர்வதற்கே தயங்க வேண்டும்.