இல்லத்திற்கோர் ஏட்டுக் காவல்

(தமிழ் ஆனர்ஸ், இரண்டாம் ஆண்டு)

எழுதி வைத்ததெல்லாம் நிலைக்கும் என்று எண்ணுதல் மக்களியல்பு. படியெடுத்தாலன்றி எழுத்து நிலையாது என்பது நூல்களின் வரலாறு காட்டும் உண்மை. பனையோலையின் ஆயுள் சின்னாள்தான். அதனை உணர்ந்த நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிக்கொண்டு, பழையதை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டனர். பின்னாளிலே படியெடுக்கும் வழக்கம் ஓய்ந்து, ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் எஞ்சிற்று. நூல்கள் பல மறைந்தன. ஏடுகள் இங்ஙனம் நீரோடு போன செய்தியை உ. வே. சாமிநாதையரவர்கள் தம் சரித்திரத்திற் குறித்துள்ளார்கள்.

இந்நாளில் நம் ஏடுகள் கணினியில் உள்ளன. வீட்டுப் பத்திரங்களின் படங்கள், குடும்பப் புகைப்படங்கள், பாட்டனார் ஓலைச்சுவடியின் ஒளிப்படிகள், ஆராய்ச்சிக் குறிப்புகள் ஆகிய யாவும் ஒரு வன்தட்டிலோ கைப்பேசியிலோ அடங்கிக் கிடக்கின்றன. அவ்வொன்று பழுதாயின் அனைத்தும் போம். ஆதலின், குறைந்த மின்சாரத்தில் இரவும் பகலும் இயங்கி நகல்களைக் காக்கும் சிறு சர்வர் ஒன்றை வீட்டில் அமைப்பது எவ்வாறு என்பதை, வேளாங்கண்ணி போன்ற கடற்கரையூரை மனத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1. இடத்தின் இயல்பு

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, வேளாங்கண்ணிக் கரையில் நின்ற யாத்திரிகர் பலரைக் கொண்டுபோயிற்று. நாகைக் கரையெங்கும் வீடுகளை அழித்தது. உயிரிழப்பின் முன் காகித இழப்பு சிறிதே. எனினும், உயிர் பிழைத்தோர் தாம் இன்னார் என்றும் இம்மனை தமதென்றும் மெய்ப்பிக்க வேண்டியபோது, நீரிற்போன தாள்களின் அருமை விளங்கிற்று. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மின்கம்பங்களை ஆயிரக்கணக்கிற் சாய்த்தது. சிற்றூர்கள் பல நாள் இருளில் இருந்தன. இவற்றொடு உப்புக்காற்றும் புழுக்கமும் நாடோறும் இரும்பை அரிக்கின்றன. எனவே இவ்விடத்துச் சர்வர்க்கு வேண்டும் இயல்புகள் மூன்று: மின்சாரம் சிறிதே உண்ணல், மின்சாரம் போயினும் தானே ஒழுங்காக அடங்கல், தான் முற்றும் அழியினும் தன்கண் உள்ளது அழியாதிருத்தல்.

2. மின்கணக்கு

பலர் பழைய மேசைக் கணினியையே சர்வராக்குவர். அது சும்மா இருக்கும்போதே 70 வாட்டு அளவு உண்ணுமாயின், நாளொன்றுக்கு 1.68 யூனிட்டு, இரண்டு திங்களுக்கு ஏறக்குறைய 100 யூனிட்டு. வீடுகளுக்கு இரு திங்கட்கு 100 யூனிட்டு இலவசம் என்று 2016-ல் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. அவ்விலவசம் முழுவதையும் இவ்வொரு பெட்டியே விழுங்கிவிடும். 10 வாட்டுப் பொறியோ அதே காலத்தில் 14 யூனிட்டே உண்ணும். ஆண்டொன்றுக்கு 613-க்கும் 88-க்கும் உள்ள வேறுபாடு இது.

சிக்கனத்தின் பயன் கட்டணத்தோடு நில்லாது. 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் 84 வாட்டு-மணி ஆற்றல் உண்டு. அதிற் பாதி மாற்றத்திலும் தேய்விலும் கழியுமெனக் கொண்டாலும், 10 வாட்டுப் பொறி நான்கு மணி நேரம் ஓடும். 70 வாட்டுப் பொறி அரைமணிக்குச் சற்று மேல் தாங்குவதே அரிது. அன்றியும், சிறு கணினிகள் பல 12 வோல்ட்டிலேயே இயங்குவன. அவற்றுக்கு நேர்மின் யூ.பி.எஸ். அமைத்தால் ஆற்றலை இருமுறை மாற்றும் வீண் செலவும் இல்லை. மின்கலம் வற்றும் நிலையைக் கணினிக்கு அறிவிக்கும் யூ.பி.எஸ். கொள்ளுக, அவ்வறிவிப்பைப் பெற்றுத் தானே அடங்குமாறும், மின்சாரம் மீண்டதும் தானே எழுமாறும் கணினியை அமைத்தல் வேண்டும். எழுதும் இடையில் மின்சாரம் அறுபடின் கோப்புகள் சிதையுமாதலின் இஃது இன்றியமையாதது.

3. பொறி தேர்தல்

தேர்தற்குரியன மூவகை. முதலாவது, 2019-ல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 போன்ற கைந்நொடியளவுப் பலகை. ஒரு சில வாட்டிலேயே அடங்கும். நகல் சேமிப்புக்குப் போதும். இரண்டாவது, 2023-ல் வந்த இன்டெல் என்100 செயலி பொருந்திய சிறு கணினி. நான்கு உள்ளகங்களும் 6 வாட்டு வெப்ப வரம்பும் உடையது. ஓய்விலிருக்கும்போது பெட்டி முழுவதும் 10 வாட்டை ஒட்டியே நிற்கும். மூன்றாவது, அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறு கணினி. இது சற்றுக் கூடுதலாக உண்ணினும் விலை மலிவு, நினைவகத்தையும் பெருக்கிக்கொள்ளலாம்.

இவற்றுள் எதனைக் கொள்வது? நகல் மட்டும் வேண்டுவோர்க்கு முதலாவதே சாலும். மெய்நிகர் கணினியும் வேண்டுவோர் இரண்டாவதையோ மூன்றாவதையோ கொள்க. காரணம் பின்வருமாறு.

4. மெய்நிகர் கணினி தமிழ் மாணவர்க்கு எற்றுக்கு?

மெய்நிகர் கணினியாவது, ஒரு கணினிக்குள்ளே மென்பொருளாற் படைக்கப்படும் மற்றொரு கணினி. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே இதனைப் பெரும் பொறிகளிற் செய்தது. இன்று லினக்ஸில் அமைந்த கே.வி.எம். என்னும் பகுதியும், அதன்மேல் எழுந்த பிராக்ஸ்மாக்ஸ் போன்றவையும் சிறு பெட்டியிலும் இதனைச் செய்கின்றன.

இஃது நமக்கு வேண்டுவதன் காரணம் எழுத்துருவில் உளது. யூனிகோடு பரவுமுன் தமிழைத் தட்டெழுதியோர் டிஸ்கி, டாப், டாம் முதலிய பல குறியீடுகளையும், நிறுவனத்துக்கொன்றான எழுத்துருக்களையும் கையாண்டனர். 1999-ல் சென்னையிற் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் பயனாக டாப், டாம் தரங்கள் வந்தன. 2010-ல் தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்றது. இடைக்காலத்தில் எழுதிய மலர்களும் ஆய்வேடுகளும் இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். கோப்பு அழியவில்லை, படிக்கும் வழிதான் அழிந்தது. புள்ளியிடாத பழஞ்சுவடியை எழுத்துமரபு அறியாதான் எடுத்தாற்போல்வதே இது. பழைய விண்டோஸையும் அக்காலத்து எழுத்துருவையும் ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி வைப்பின், அக்கோப்பை அதன் இயல்பான உருவிற் கண்டு யூனிகோடுக்கு மாற்றலாம். பழைய விண்டோஸ் இன்டெல் வழிச் செயலிக்கென எழுதப்பட்டது. ராஸ்பெரி பையின் ஆர்ம் செயலி அக்கட்டளைகளை நேரே அறியாது, ஒவ்வொன்றாகப் பெயர்த்தே இயற்றவேண்டுமாதலின் மிக மெதுவாகும். இதுவே முன் கூறிய தேர்வின் காரணம். ஒன்று காக்க: விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-ல் நின்றன, அதனை இணையத்தோடு இணைத்தல் கூடாது.

மெய்நிகர் கணினிக்குச் செயலியின் விரைவினும் நினைவகமே முதன்மை. தலைமை அமைப்புக்கு 2 ஜி.பி., பழைய விண்டோஸுக்கு 1, நகல் பணிக்கும் பயிற்சிக்கும் லினக்ஸ் இரண்டுக்கு நான்கு எனக் கூட்டினால் ஏழாகும். 8 இறுக்கம், 16 தாராளம்.

5. தட்டும் நகலும்

அமைப்பும் மெய்நிகர் கணினிகளும் இருப்பதற்குச் சுழலாத எஸ்.எஸ்.டி. ஒன்றும், நகல்களுக்குப் பெரிய வன்தட்டு ஒன்றும் வேண்டும். இரண்டு தட்டுகளில் ஒன்றையே எழுதும் இரட்டைமுறையை நகலென மயங்குதல் கூடாது. ஒன்றில் நீக்கியது மற்றொன்றிலும் அக்கணமே நீங்கும். தட்டு பழுதுற்றால் பணி தடைப்படாதிருக்க உதவுவதே அது. மனிதன் பிழைக்கும் தீநிரலுக்கும் அது மருந்தன்று. நேற்றைய நிலை, சென்ற வார நிலை, சென்ற திங்கள் நிலை என்று அடுக்கிக் காக்கும் ரெஸ்டிக், போர்க் போன்ற கருவிகளே நகற்பணிக்குரியன. இவை மாறிய பகுதியை மட்டும் சேர்ப்பதால் இடம் மிகாது. மறைகுறியிட்டு வைப்பதால் தட்டு பிறர் கையில் அகப்படினும் அஞ்சவேண்டுவதில்லை. மறைச்சொல்லை மட்டும் தாளில் எழுதி வேறிடத்திற் காக்க.

மூன்று படிகள், இருவகைப் பொருளில், ஒன்று வேற்றூரில் என்பது அறிந்தோர் கூறும் விதி. வேளாங்கண்ணிக்கு ‘வேற்றூர்’ என்பது நாகப்பட்டினம் ஆகாது. ஒரே அலையும் ஒரே புயலும் இரண்டையும் தாக்குமன்றோ? திருச்சிராப்பள்ளியிலோ மதுரையிலோ உள்ள உறவினர் வீடே தக்கது; இணைய வழியாகவோ, திங்களுக்கொருமுறை கொண்டுசெல்லும் தட்டின் வழியாகவோ படி அங்கே சேர்க. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் அதனோடே மாண்டன. அதன் மறுபுறமாக, 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டமும் தமிழ் நூல்களை யாவரும் படியெடுக்குமாறு திறந்து வைத்தன. பலர் வீட்டில் உள்ளதை ஒரு தீ அழித்தல் அரிது.

பெட்டியை வைக்குமிடம் மாடியில், சுவரொட்டிய பலகைமேல், காற்றோட்டம் உள்ளதாக இருக்க. தகரக் கூரையின் கீழும் தரைமேலும் வேண்டா. விசிறியில்லாப் பெட்டி உப்புக்காற்றை உள்ளிழுப்பது குறைவு.

6. மீட்டுப் பார்த்தல்

இவையாவும் செய்தும் மீட்டுப் பாராதவன் காவலன் ஆகான். திங்களுக்கொருமுறை ஏதேனும் ஒரு கோப்பை வேற்றூர்ப் படியிலிருந்து மீட்டு, மற்றொரு கணினியிலே திறந்து படிக்க. காலாண்டுக்கொருமுறை மெய்நிகர் கணினி ஒன்றை நகலிலிருந்தே எழுப்பிப் பார்க்க. எழாவிடின் அன்றே காரணம் தேடலாம். புயலுக்கு மறுநாள் தேடுவது பயனில்லை.

பொறிகளின் பெயர் ஆண்டுதோறும் மாறும், விலையும் மாறும். மின்கணக்கு, நினைவகக் கணக்கு, மூன்று படி, மீட்புத் தேர்வு என்னும் இந்நான்கும் மாறா. நண்பர்காள்! இவ்விடுமுறையில் உங்கள் இல்லத்தில் ஒரே படியாக இருப்பது யாது என்று தேடிப் பாருங்கள். அது பாட்டியாரின் குரற்பதிவாயினும் மனைப்பத்திரமாயினும் மட்கிய ஓலைக்கட்டாயினும், முதலில் அதனைப் படியெடுங்கள். சர்வர் பின்னர் வாங்கலாம். படியெடுத்தல் இன்றே தொடங்கலாம்.