டிராக்டர் பேட்டரியை ஏற்றிச் செல்லும்போது கவனிக்க வேண்டியவை

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்துள்ள ஸ்ரீரங்கம் தீவில் நெல்லும் வாழையும் முக்கியப் பயிர்களாகும். இப்பகுதி விவசாயிகள், டிராக்டர் பேட்டரி வலுவிழந்தால் திருச்சி நகருக்கு எடுத்துச் சென்று சார்ஜ் ஏற்றியோ, புதிதாக மாற்றியோ வருவது வழக்கம். திரும்பும்போது அதே வண்டியில் உர மூட்டையும் பூச்சிமருந்தும் வீட்டுச் சாமான்களும் ஏறிவிடுகின்றன. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஊர்தானே என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்தச் சிறு தூரத்திலும் கண் பார்வையை இழக்க நேரிடலாம் என்பதை மறக்கக் கூடாது.

ஆபத்து எங்கே?

12 வோல்ட் பேட்டரியில் 6 அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள், நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியுள்ளன. முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில், திரவத்தின் எடையில் ஏறத்தாழ 3-ல் 1 பங்கு அமிலமே. பேட்டரி சாய்ந்தால் மூடியின் துவாரம் வழியே இது கசியும். தோலும் கண்ணும் வெந்துபோகும். சணல் சாக்கும் பருத்தித் துணியும் இற்றுவிடும்.

இரண்டாவது ஆபத்து மின்சாரம். இரு முனைகளின் குறுக்கே ஸ்பேனரோ, மண்வெட்டியோ, சங்கிலியோ விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்ந்து தீப்பிடிக்கும். மூன்றாவது, சார்ஜ் ஏற்றும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு. காற்றில் இது 4 சதவீதம் கலந்தாலே எரியக்கூடியது. ஒரு பீடி நெருப்பு போதும்.

விதிவிலக்கும் நிபந்தனையும்

அமிலம் நிரம்பிய பேட்டரியை ஐக்கிய நாடுகள் சபையின் அபாயப் பொருள் பட்டியல் 8-ஆம் வகுப்பில், அதாவது அரிக்கும் பொருள்களில் சேர்த்துள்ளது. ஆயினும் பல நாடுகள் சாலை, ரயில் வழியே செல்லும் பேட்டரிகளுக்குச் சில விலக்குகள் அளிக்கின்றன. ஐரோப்பிய சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 598-ஆம் சிறப்பு விதி இத்தகையது. பேட்டரி நகராமலும் விழாமலும் கட்டப்பட்டிருக்க வேண்டும்; வெளிப்புறத்தில் அமிலக் கசிவு கூடாது; முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி காக்கப்பட வேண்டும்; பழைய பேட்டரியானால் பெட்டியில் விரிசல் இருக்கக் கூடாது. அமெரிக்க விதி மேலும் ஒன்று கூறுகிறது: அதே வண்டியில் வேறு அபாயப் பொருள் இருக்கக் கூடாது. ஆக, விலக்கு என்பது பத்திரமாகக் கட்டியவருக்கே உரியது.

வெளிநாட்டு விலக்கை நம் நாட்டிலும் அப்படியே உரிமையாகக் கொள்ள முடியாது. இங்கு 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரையிலான விதிகள் அபாயப் பொருள் போக்குவரத்தைப் பற்றியவை. சரக்கின் தன்மையை வண்டிக்காரருக்குத் தெரிவிப்பது அனுப்புபவரின் பொறுப்பு. ஆனால் மேற்கூறிய நிபந்தனைகள், ஒரே ஒரு பேட்டரி கொண்டுசெல்பவருக்கும் நல்ல வழிகாட்டியாகும்.

ரயிலில் செல்வோர்

அமிலத்தையும் பிற அரிக்கும் பொருள்களையும் பயணச் சாமானாக ரயிலில் ஏற்ற அனுமதியில்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி, அபாயப் பொருளை அனுப்புவோர் அதன் தன்மையை எழுத்து மூலம் ரயில்வே ஊழியருக்குத் தெரிவித்து, கட்டின் வெளிப்புறத்திலும் குறிப்பிட வேண்டும். ஆகவே திருச்சி சந்திப்பிலிருந்து ஸ்ரீரங்கம் ஒரே ஓட்டம் என்று பேட்டரியைக் கோணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவது குற்றமாகும். டவுன் பஸ் கூட்டத்திலும் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஏற்றும் முறை

1. மூடிகளை இறுக்கி, வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைக்கவும். ரப்பர் கையுறை அணிவது நல்லது.

2. இரு முனைகளையும் ரப்பர் உறை அல்லது இன்சுலேஷன் டேப்பால் மூடவும்.

3. விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வைத்து, கயிற்றால் அசையாமல் கட்டவும். மேலே எதையும் அடுக்கக் கூடாது.

4. பூச்சிமருந்து, டீசல், வாழைத்தார், விதை நெல், தீவனம் ஆகியவற்றோடு சேர்த்து ஏற்ற வேண்டாம். இரு நடையாகச் செல்வதே சிறந்தது.

5. குழந்தைகளைப் பேட்டரியின் அருகில் உட்கார வைக்கக் கூடாது.

அமிலம் பட்டால்

உடனே ஏராளமான சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், இமையைத் திறந்து கழுவியபடியே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோலிலும் கண்ணிலும் சுண்ணாம்போ சோடாவோ போடக் கூடாது. வண்டித் தளத்தில் சிந்திய அமிலத்தின் மீது மட்டும் சமையல் சோடாவைத் தூவலாம்.

பழைய பேட்டரி

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மண்ணில் சேர்ந்தால் எளிதில் நீங்காது. பாரம் குறையட்டும் என்று பழைய அமிலத்தை வாய்க்காலிலோ வாழைத் தோப்பிலோ கொட்டுவது, தன் நிலத்தைத் தானே கெடுத்துக் கொள்வதாகும். 2001-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்பு அல்லது மறுசுழற்சிப் பணியில் உள்ளவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அமிலத்தை வடிக்காமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழிவு கிடைக்கும்.

ஒரு முழம் டேப்பும் ஒரு கயிறும் செலவில் சிறியவை. அவை காப்பதோ கண்ணையும் விளைச்சலையும். விவசாயப் பெருமக்கள் அடுத்த முறை பேட்டரியைத் தூக்குமுன் இவற்றைக் கையோடு எடுத்துச் செல்வார்களாக.