மூன்று வாசல் குளியல் கூடம்

ஆறாம் வகுப்பில் மொகஞ்சதாரோ பெருங்குளத்தின் செங்கல், படிக்கட்டு எல்லாம் நடத்துகிறோம். “அதில் யார் குளித்தார்கள்?” என்று மாணவர் கேட்டால், படித்துச் சொல்ல எழுத்துச் சான்று இல்லை. விடை தெரிந்த ஒரு கட்டடத்தைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

1832இல் லிவர்பூலில் காலரா பரவியது. கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண், அக்கம்பக்கத்தார் துணி துவைக்கத் தம் வீட்டுக் கொதிகலனைக் கொடுத்தார். 1842இல் அந்நகரில் பொதுக் குளியலறையும் சலவைக்கூடமும் திறக்கப்பட்டன. 1846இல் பிரிட்டனில் இதற்கெனச் சட்டமே வந்தது. பல நகரங்கள் குளியல் கூடங்கள் கட்டின.

மான்செஸ்டரின் விக்டோரியா குளியல் கூடம் 1906இல் திறக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடியும் பளபளக்கும் ஓடுகளும் பதித்த அழகிய கட்டடம். முகப்பில் மூன்று வாசல்கள்: முதல் வகுப்பு ஆண்கள், இரண்டாம் வகுப்பு ஆண்கள், பெண்கள். புதுநீர் முதல் வகுப்புக் குளத்துக்கு, அதே நீர் பிறகு இரண்டாம் வகுப்புக்கு, கடைசியாகப் பெண்களுக்கு.

நம் நாட்டிலோ சிலர் பொதுக்குளத்தை நெருங்கவே தடை இருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாராட்டிரத்தின் மகாட் ஊரில், சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகி அம்பேத்கர் அத்தடையை எதிர்த்தார்.

வகுப்பறைச் செயல்பாடு: மூன்று வாசல்களையும் கரும்பலகையில் வரைந்து, குழுவுக்கு ஒரு வாசல் கொடுங்கள். “இந்தக் கட்டடம் உங்களைப் பற்றி என்ன சொல்கிறது?” என்று கேளுங்கள். பிறகு நெய்வேலி நகரியத்திலோ சுற்றுக் கிராமங்களிலோ உள்ள ஒரு பொதுக்கட்டடத்தின் வாசல், படி, சாய்தளம், குடிநீர்க் குழாய் ஆகியவற்றைப் பார்த்து, யாருக்கு எளிது, யாருக்குக் கடினம் என எழுதட்டும். எந்தக் குழந்தையும் தன் சாதியைச் சொல்ல நேராதபடி உரையாடலை நடத்துவது நம் பொறுப்பு.